எழுபத்தேழு

"போன முறையும் இதைத்தானே சொன்னீங்கள்" என்றாள்
தவலோஜினி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி.
காணிப் பதிவுக் கந்தோரில் வேலை.
ஒரே காணிக்கு இரண்டு உறுதி எழுதியவர்களைப்
பார்த்துப் பழகிய கண்.

சொன்னேன்தான்.
ஒன்று முடிகிறது, ஒன்று தொடங்குகிறது.
அவளுக்கு மட்டுமா?
உப்புவெளியில் தங்கியிருந்த போலந்துக்காரிக்கு,
வலையை விற்கலாமா என்று கேட்ட இஞ்ஞாசித்துரைக்கு,
கனடா விசா மூன்றாம் தரமும் மறுத்த பெடியனுக்கு,
எல்லோருக்கும் அதே முடிவு, அதே தொடக்கம்.
ஒரே தேயிலையில் நாலாம் தரம் இறக்கிய சாயம்.

எட்டு வருஷம்.
டச்சுக்குடாப் பக்கம், தையற்கடைக்குப் பின்னறை.
பலகையில் டாரட் என்று எழுதியிருக்கும்,
பாதிப்பேர் கிழிந்த சட்டையோடு வருவார்கள்.
மேசை, இரண்டு கதிரை, ஒரு விசிறி.
சீட்டைப் புரட்டிவிடும் என்று அதைச்
சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன்.
முதல் வருஷம் நிலாச் சீட்டு விழுந்தால்
எனக்கே மயிர் கூச்செறியும்.
இப்போது விழுந்தால்
"குழப்பம், தெளியும்" என்று வாய் சொல்கிறது,
மனம் அரிசி முடிந்ததை நினைக்கிறது.

அலுப்பைத் தாங்கலாம். பயம் வேறு.
நான் எப்போதாவது எதையாவது கண்டேனா?
வந்தவர்களின் முகத்தை வாசித்துவிட்டுச்
சீட்டின் பேரில் கணக்கு எழுதினேனா?
இரவு எனக்கே மூன்று சீட்டு எடுத்தேன்.
பிடிக்கவில்லை. திரும்ப எடுத்தேன்.
ஒன்பதாம் தரம் எடுக்கையில் விளங்கியது,
கடைக்காரி தன் தராசில் தானே ஏறி நிற்கிறாள்.

தவலோஜினி காசை வைத்துவிட்டுப் போயிருந்தாள்,
முழுக்காசும். அதுதான் சுட்டது.

வாடை முடிந்த மாசி. சீட்டுகள் உப்பூறி
அப்பளம் போல் வளைந்து கிடந்தன.
கோட்டை வாசலுக்கு இப்பால், புல்லில்,
துவாய் விரித்து வெயிலில் பரப்பினேன்.
கச்சான் வாங்கத் திரும்பினேன், அவ்வளவுதான்.
மான்.
இந்த ஊர் மான் தெரியும்தானே,
வாழைத்தோல், பொலித்தீன், பஸ் ரிக்கற், பேதமில்லை.
ஓடி வருமுன் பாதிச் சீட்டு வாய்க்குள்.
இழுத்தேன். அதுவும் இழுத்தது.
என் கையில் மிஞ்சியது
ஒரு முழங்கால், கொஞ்சம் தண்ணீர்.

நட்சத்திரம்.
கட்டிலேயே நல்ல சீட்டு.
யாருக்கும் அழுகை முட்டும்போது
அடியிலிருந்து நைசாக மேலே கொண்டுவருவேன்.
(ஓம், செய்திருக்கிறேன். இங்கே மட்டும் சொல்கிறேன்.)

அசைபோட்டுக்கொண்டே அது என்னைப் பார்த்தது.
சிரித்தேன். பிறகு அங்கேயே இருந்து அழுதேன்.
கச்சான்காரர் சுருளைத் துவாயில் வைத்துவிட்டுச்
சில்லறை கேளாமல் போனார்.

இரண்டு கிழமை பூட்டு.
மூன்றாம் கிழமை தவலோஜினி.
அம்பாறைக்கு இடமாற்றமாம்.
போவதா, மேல்முறையீடு எழுதுவதா.
"ஒரு சீட்டு குறையுது" என்றேன் முதலில்.
"மான் தின்றுவிட்டது. உங்கட பதில் அதிலதான் இருந்ததோ தெரியாது."
கண்ணாடியை இறக்கினாள். முதல்தரம் சிரித்தாள்.
"அப்ப மிச்சத்தைப் பாருங்கோ."

எட்டுக் கிண்ணம் விழுந்தது.
வாய் தயாராகிவிட்டது: ஒன்று முடி
நிறுத்தினேன்.
பார்த்தேன்.
விட்டுப் போகிறவனுக்குச் சப்பாத்து இருக்கிறது, சிவப்பு.
எட்டு வருஷம் அதைக் கண்டதில்லை.
கிண்ணம் ஒன்றும் உடையவில்லை, கவிழவுமில்லை.
"அடுக்கி வைச்சிட்டுத்தான் போறான்" என்றேன்.
"ஏனென்று எனக்குத் தெரியாது."

சீட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.
கனநேரம் பார்த்தாள்.
விசிறி சுவரோடு பேசிக்கொண்டிருந்தது.
"மேல் வரிசையில ஒரு இடைவெளி," என்றாள்,
"இன்னொரு கிண்ணம் வைக்கிற அளவு."

அரைக்காசுதான் வாங்கினேன்.

இன்று காலை வேறொருவர், துறவிச் சீட்டு.
பாதிக்கு மேல் பழைய வரிதான் வந்தது.
மீதியில் கொஞ்சம் தடக்கினேன்.

கோட்டைப் பக்கம் போனால்
எந்த மான் என்று தேடுகிறேன்.
எல்லாம் ஒரே மாதிரிப் பார்க்கின்றன.